அனந்தலக்ஷ்மிக்கு ஒரு கம்பளி

ஹெர்பர்ட்டுக்குத் தொழில், ஈரத்தாள்களைக் கொடியில் காயப்போடுவது. 1912ஆம் வருஷத்தில் கண்டோன்மென்டில் இருந்த அந்தச் சின்ன அச்சுக்கூடம் பழைய கைமிஷினை இன்னும் விடவில்லை. தாளை நனைத்து ஒரு முகத்தில் அடிப்பார்கள். அது காய்ந்த பிறகுதான் மறுமுகம். முதல் முகம் அடித்ததும் தாளைக் கசங்காமல் கொடியில் போட்டு, காய்ந்ததும் எடுத்து அடுக்குவது ஹெர்பர்ட்டின் வேலை. மை ஈஷின ஒரு தாளைக்கூட அவர் நல்ல அடுக்கில் சேர்த்தது கிடையாது.

வயது நாற்பத்தாறு. மனைவி இறந்து ஆறு வருஷம், பிள்ளைகள் இல்லை. பிரேசர் டவுனில் ஒற்றை அறையில் குடியிருந்தார். அச்சுக்கூடத்தில் வேலை நேரத்தில் பேசக்கூடாது. வீட்டில் பேச ஆள் இல்லை. ஆகவே வாரம் முழுவதும் பேசாத பேச்சையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து கூடும் ஏழையர் உதவிச் சபையில்தான் அவர் பேசித் தீர்ப்பார். அந்தச் சபையில் அவர் ஒரு விசாரணைக்காரர். கஷ்டப்படும் குடும்பம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் காப்பியும் ரஸ்கும் உண்டு. ரஸ்கைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே அவர் ஒரு மணி நேரம் பேசுவார். மற்றவர்கள் கேட்பார்கள், அல்லது கேட்பது போல உட்கார்ந்திருப்பார்கள். அதுவே அவருக்குப் போதும்.

அச்சுக்கூடத்தில் வீணான தாள்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் முகத்தில் வீணானவை காயப்போடுகிறவருக்கு. மறுமுகத்தில் வீணானவை மிஷின்காரர் டென்சிலுக்கு. டென்சில் அவற்றைத் தம் மனைவி மௌரீனிடம் கொடுப்பார், அவள் அலமாரித் தட்டில் விரிப்பாள். ஹெர்பர்ட் தம் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பார்.

அந்த வருஷம் அங்கே ஒரு நாவல் வாராவாரம் எட்டுப் பக்கமாக அச்சாகிக்கொண்டிருந்தது. கதாநாயகி பெயர் அனந்தலக்ஷ்மி. எட்டுப் பக்கத் தாளை மடிக்கும் கணக்குப்படி, முதல் முகத்தில் ஒன்று, நான்கு, ஐந்து, எட்டு ஆகிய பக்கங்கள் வரும். இரண்டு, மூன்று, ஆறு, ஏழு மறுமுகத்தில். ஆக, ஹெர்பர்ட் இரண்டு பக்கம் படிப்பார், இரண்டு பக்கம் விட்டுப்போகும், மறுபடி இரண்டு பக்கம் படிப்பார். நடுவில் விட்டுப்போவது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்குள் ஒருத்திக்கு என்ன பெரிய நன்மை வந்துவிடப்போகிறது என்பது அவர் எண்ணம். அவருடைய நாற்பத்தாறு வருஷத்தில் அப்படி எதுவும் வந்ததில்லை. தவிர, ஐந்தாம் பக்கத்தில் அழுத பெண் எட்டாம் பக்கத்திலும் அழுதுகொண்டுதானே இருக்கிறாள்!

நாவல் எழுதியவரோ அளந்து எழுதுகிறவர். இரண்டு பக்கம் துக்கம் என்றால் இரண்டு பக்கம் சுகம். தாளை மடிக்கும் கணக்கும் அவர் கணக்கும் அச்சுப் பிசகாமல் பொருந்திவிட்டன. துக்கமெல்லாம் ஹெர்பர்ட்டுக்கே வந்து சேர்ந்தது.

ஆறு வாரத்தில் அவர் இளைத்துப்போனார். கஞ்சி வைக்கும்போது அரிசியில் ஒரு பிடி கூடப் போட்டுவிட்டு, எதற்காகப் போட்டோம் என்று யோசிப்பார். ஏழாம் வாரம் பொறுக்க முடியாமல் பங்குச் சாமியாரிடம் போய், அனந்தலக்ஷ்மிக்காக ஒரு பூசை வைக்கும்படி கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்த ஜனங்களுக்கு முன்னால் சாமியார் அறிவித்தார்: "இன்றைய பூசை, திக்கற்ற அனந்தலக்ஷ்மிக்காக."

கூட்டத்தில் காப்பி வருவதற்கு முன்பே சபைத் தலைவி பவுலின் டீச்சர் ஆரம்பித்துவிட்டாள்.

"யாரு ஹெர்பர்ட் அந்த அனந்தலக்ஷ்மி? நம்ம பங்குல அப்படி ஒரு பேரே இல்லியே?"

"இந்துப் பொண்ணு, டீச்சரம்மா."

"கஷ்டத்துல இன்னா மதம்! புருஷன்?"

"ரங்கூன் போனாரு. ஒரு லெட்டர் இல்ல."

"வீடு வாசல்?"

"எரிஞ்சி போச்சி."

"ஐயய்யோ!" என்றாள் அல்போன்சா. அவளும் ஒரு விசாரணைக்காரி, கேட்ட மாத்திரத்தில் அழக்கூடியவள்.

"எரிஞ்ச மறுநாளு கிணத்தடில பாம்பு கடிச்சிது. அப்புறம் சித்தப்பா வந்து இருந்த தோட்டத்தையும் எழுதி வாங்கிக்கினாரு. அதுக்கப்புறம் மழைல..."

"நில்லு, நில்லு. இதெல்லாம் ஒரே பொம்பளைக்கா?"

"ஆமாம்மா. ஆறு வாரத்துல."

இதுவரை அவர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. நாவலில் இருந்ததைத்தான் சொன்னார். அல்போன்சா மூக்கைச் சிந்தினாள். ஒரு படி அரிசி, பருப்பு, ஒரு கம்பளி என்று அங்கேயே முடிவாயிற்று. பவுலின் டீச்சர் பேனாவை எடுத்தாள்.

"விலாசம் சொல்லு."

இதற்குள் காப்பி வந்திருந்தது; ஹெர்பர்ட்டின் கையிலிருந்த ரஸ்க் அதற்குள் விழுந்தது. சபையில் ஒரு விதி உண்டு: இல்லாத குடும்பத்தை இருப்பதாகச் சொன்ன விசாரணைக்காரர் சபையை விட்டுப் போய்விட வேண்டும். போன வருஷம் ஒருவர் அப்படிப் போயிருந்தார். போனால் ஞாயிற்றுக்கிழமையும் மற்றக் கிழமைகளைப் போல ஆகிவிடும். ஹெர்பர்ட் தமக்குத் தெரிந்த ஒரே விலாசத்தைச் சொன்னார். அது அவருடையது.

"உங்க வூட்லியா இருக்கா?" என்று அல்போன்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"வூட்லன்னா... இருக்கான்னுதான் சொல்லணும்."

"புதன்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம்" என்றாள் பவுலின் டீச்சர், மிகவும் மெதுவாக.

புதன்கிழமைதோறும் அச்சுக்கூடத்துக்கு அரைநாள் விடுமுறை. மூன்று மணிக்கு இருவரும் மூட்டையோடு வந்தார்கள்.

"எங்கே அவ?"

"கிணத்தடிக்குப் போயிருக்கா."

"மறுபடியும் கிணத்தடிக்கா? அங்கதானே பாம்பு கடிச்சிது!" என்று அல்போன்சா பதறினாள்.

அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, ஹெர்பர்ட் தாள்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். தொழில் பழக்கம். அவருக்கு அப்படிப் படித்தால்தான் படித்தது போல இருக்கும். அல்போன்சாவின் நெற்றியில் ஒரு தாள் இடித்தது. அவள் அதைப் பிடித்து உரக்கப் படித்தாள்: "'ஐயோ! எனக்கு யார் இருக்கிறார்கள்?' என்று அனந்தலக்ஷ்மி வீங்கிய காலை நீட்டிக்கொண்டு புலம்பினாள்."

அடுப்பில் கஞ்சி கொதித்தது.

"தாள்ல இருக்கிறவளுக்கா பூசை வெச்சே?" என்றாள் பவுலின் டீச்சர்.

"அவளுக்கு ஒருத்தரும் இல்ல, டீச்சரம்மா."

பவுலின் டீச்சர் திட்டுவதற்கு ஆதாரம் வேண்டும் என்று முதல் தாளைப் படித்தாள். பிறகு குனிந்து அடுத்த கொடிக்குப் போனாள். அதற்கடுத்த கொடிக்கும் போனாள். கடைசிக் கொடியில் நிமிர்ந்து, "அப்புறம்?" என்றாள்.

"அது மறுமுகத்துல இருக்கும்மா."

"மறுமுகம் எங்கே?"

"டென்சில் வூட்டு அலமாரில."

டென்சில் வீடு இரண்டு தெரு தள்ளி. மூவரும் அரிசி மூட்டையோடு நடந்தார்கள். மௌரீன் தாள்களின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி அழகாக விரித்திருந்தாள். அவள் கத்தக் கத்தப் பாத்திரங்களை இறக்கினார்கள்.

"இன்னா ஹெர்பர்ட்டு, என் வூட்ல போலீஸ் சோதனையா?" என்று டென்சில் கேட்டார்.

பவுலின் டீச்சர் ஊறுகாய் ஜாடிக்கு அடியிலிருந்து ஆரம்பித்தாள். வீடு எரிந்த அன்றே பக்கத்து வீட்டு மாமி அனந்தலக்ஷ்மியைத் தன் மாடியில் குடிவைத்திருந்தாள். பாம்புக் கடிக்கு மைசூரிலிருந்து வைத்தியர் குதிரை வண்டியில் வந்திருந்தார். தோட்டம் போன இரண்டாம் நாள் அத்தை ஒருத்தி பட்டுப்புடவை கொடுத்திருந்தாள்.

"ஆறாம் பக்கத்துல நெய் ஊத்திப் பொங்கல் சாப்பிட்றா!" என்று அல்போன்சா கூவினாள். "நான் நெய்யைப் பார்த்து ஈஸ்டர்லேந்து ஆச்சி. இவளுக்கு நாம கம்பளி தர்றோமா?"

ஹெர்பர்ட் ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மாமி இருந்தாளா? அன்னிக்கே வந்துட்டாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்குச் சந்தோஷமா, ஏமாற்றமா என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்து கதவோரம் நின்றார். ரஸ்கைத் தொடவில்லை. பவுலின் டீச்சர் விசாரணை அறிக்கையை எழுந்து நின்று படித்தாள்.

"சொன்ன விலாசத்துக்குப் போனோம். அங்கே ஒரு குடும்பம் இருந்தது. ஆள் ஒன்று. உறவு ஒருவரும் இல்லை. சாப்பாடு உப்புக் கஞ்சி. கூரை வடமேற்கு மூலையில் ஒழுகுகிறது. தாள்களோடு பேசும் வழக்கம் உண்டு." கண்ணாடியைக் கழற்றினாள். "விலாசம் சரி, கஷ்டமும் சரி. பேரு ஒண்ணுதான் தப்பு. அதை அடிச்சி வேற எழுதிட்டேன். விதிப்படி இது இருக்கிற குடும்பம்தான். உக்காரு ஹெர்பர்ட், காப்பி ஆறுது."

புதன்கிழமைதோறும் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் தீர்மானமாயிற்று. கம்பளியை ஹெர்பர்ட் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார். அல்போன்சா அதை அவர் தோளில் போட்டு முடிச்சே போட்டுவிட்டாள்.

அதன் பிறகு புதன்கிழமைகளில் டென்சிலும் தம் பங்குத் தாள்களோடு அங்கே வந்துவிடுவார். ஒன்றாம் பக்கம் முதல் எட்டுவரை வரிசையாகத் தொங்கும். ஹெர்பர்ட் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படிப்பார். நடுவில் நிறுத்தி நிறுத்தித் தம் சொந்தப் பேச்சையும் பேசுவார்.

பன்னிரண்டாம் வாரம் ஐந்தாம் பக்கத்தில் பக்கத்து வீட்டு மாமிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அல்போன்சா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றாள் பவுலின் டீச்சர்.

"சாமியார்கிட்ட. மாமிக்கு ஒரு பூசை சொல்லிட்டு வந்துட்றேன்."

"உக்காருடி. டென்சில், ஆறாம் பக்கத்தை எடு."