போத்தலுக்குள் எரிந்த மெழுகுதிரி

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு விஞ்ஞானம் என்று ஒரு பாடம் கிடையாது. நேரசூசியில் சுற்றாடல் என்றுதான் இருக்கும். ஆனால் முள்ளியவளையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் எங்கள் ரீச்சர் அதை விஞ்ஞானம் என்றே சொல்லுவார். அப்படிச் சொல்லும்போது அவருக்கு ஒரு மிடுக்கு வரும். எங்களுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

முல்லைத்தீவுக் கடற்கரையில், அந்தோனியார் கோயில் வளவுக்குள் தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம் அது. இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வந்து ஒன்றிரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. கன்னியாஸ்திரி ஒருவர் அதிபர். கதிரையும் மேசையும் இருந்தன, ஆய்வுகூடச் சாமான் என்று ஒரு பூதக்கண்ணாடி இருந்தது, அதிலும் கீறல்.

நெருப்பு எரியக் காற்று வேண்டும் என்று காட்ட ரீச்சருக்கு மெழுகுதிரி தேவைப்பட்டது. அவர் சைவக்காரி, வேதக்காரரின் வழக்கம் தெரியாதவர். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் எரிந்து மிஞ்சிய துண்டுகளை, புதன் காலை கைநிறைய அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். குப்பை என்று நினைத்திருக்கிறார். எங்கள் ஊரில் அதை யாரும் தொடமாட்டார்கள். நேர்ந்து கொளுத்திய திரி தானாக உருகி முடியவேண்டும். காற்று அணைத்தால் அடுத்து வருகிறவர் கொளுத்திவிட்டுப் போவார். வகுப்பிலிருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் பாடம் நடக்காதே.

சின்னக் கிளாஸால் மூடினால் எவ்வளவு நேரம், பெரிய ஊறுகாய்ப் போத்தலால் மூடினால் எவ்வளவு நேரம் என்று அளக்கவேண்டும். ரீச்சரின் மணிக்கூடு அன்று பார்த்து நின்றுபோயிருந்தது. எண்ணச் சொன்னார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் எண்ணி, இருபது என்றும் நாற்பது என்றும் சண்டை பிடித்தோம். அப்போது நான்தான் எழும்பி, அருள் நிறைந்த மரியே சொல்லி அளப்போம் என்றேன். செபமாலையில் தினமும் சேர்ந்து சொல்லுகிற மந்திரம். அதில் யாரும் முந்தவும் மாட்டார்கள், பிந்தவும் மாட்டார்கள். ரீச்சர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். அந்த வழியால் போன அதிபர் நாங்கள் செபம் செய்கிறோம் என்று நினைத்து, வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

சின்னக் கிளாஸில் ஒரு மந்திரம் முடியுமுன்னே திரி அணைந்தது. பெரிய போத்தலில் மூன்றாவது முடியும்போது அணைந்தது. இரண்டு முடிந்ததும் போத்தலைத் தூக்கினால், சுருங்கிப்போன சுவாலை மெல்ல நிமிர்ந்து திரும்ப எரிந்தது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். ரீச்சர் சிவப்பு மையால் சரி போட்டார்.

பின்னேரம் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் இதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தோனியாரின் திரி என்றதும் அம்மாவின் கை நின்றுவிட்டது. செவ்வாய் தோறும் அப்பாவுக்காக அம்மாவும் அங்கே ஒரு திரி கொளுத்துவார். உயிரோடிருந்தால் திரும்பி வரவா, இல்லையென்றால் ஆன்மா இளைப்பாறவா என்று கேட்டால், திரியைக் காற்றுக்கு மறைத்து நேராக்குவார்.

அப்பாவின் கதை எனக்கு மனப்பாடம். யுத்தத்தின் கடைசி நாட்களில் பதுங்குகுழிக்குள்ளிருந்து என்னையும் தம்பியையும் வெளியே நின்ற அம்மாவிடம் தூக்கித் தந்தவர், தண்ணீர்க் கலனை எடுக்கத் திரும்ப உள்ளே இறங்கினார். ஷெல் விழுந்து, பனங்குற்றியும் மண்மூட்டையுமாகக் குழி மூடிக்கொண்டது. சனம் ஓடு ஓடு என்று தள்ளியது. விசாரிக்க வருகிற எல்லோரிடமும் அம்மா ஒரே மாதிரித்தான் சொல்லுவார்: "மூண்டு அருள் நிறைந்த மரியே சொல்லுமட்டும் நிண்டனான். பிறகு பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடினனான்."

அடுத்த நாள் காலை அம்மா என்னுடன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ரீச்சரிடம் சத்தம் போடவில்லை. அது ஆட்களுக்காகக் கொளுத்துகிற திரி என்று மட்டும் சொன்னார். ரீச்சரின் முகம் வாடிவிட்டது. தனக்குத் தெரியாமல் போய்விட்டது, இனித் தொடமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விஷயம் அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் அம்மா போகவில்லை. மேசையிலிருந்த ஊறுகாய்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூடினாப் பிறகு உள்ளுக்குள்ள எவ்வளவு நேரம் இருக்கும், ரீச்சர்?"

ரீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். எங்கள் வீட்டுக் கதை அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"உடன அணைஞ்சிடும், அக்கா. மூடின கையோட. ஒண்டுமே தெரியாது."

எனக்குத் தாங்கவில்லை. நேற்றுத்தான் படிப்பித்ததை இன்றைக்கு மறந்துபோகிற ரீச்சரா? கொப்பியை விரித்து நீட்டினேன்.

"இல்லை ரீச்சர். பெரிய போத்தலுக்கு மூண்டு மந்திரம். ரெண்டு முடியேக்க தூக்கினாத் தப்பிடும். நீங்கதானே சரி போட்டனீங்கள்."

அம்மா கொப்பியை வாங்கி, எழுத்துக்கு அடியில் விரலை வைத்து வாசித்தார். "மூண்டோ?" என்று என்னைத்தான் கேட்டார். ஓம் என்றேன். ரீச்சர் திரும்பி, ஒன்றுமே எழுதாத கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார். சரியான விடை சொன்னதற்கு ஒரு கெட்டிக்காரி கூடச் சொல்லவில்லையே என்று எனக்கு மனத்தாங்கல்.

அம்மா நின்ற மூன்று எனக்குத் தெரியும். கொப்பியில் எழுதிய மூன்றும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. இப்போது வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன். அன்றைக்கு ரீச்சர் சொன்ன பொய்யை நினைத்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. என் விடையை நினைத்தால் அந்தக் கொப்பியை நீட்டாமலே இருந்திருக்கலாம் என்றிருக்கிறது.

அன்று மாலை அம்மா கடையில் ஒரு புதுத் திரி வாங்கி வந்தார். ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் கழுவித் துடைத்தார். குசினியில் அடுப்புக்குப் பக்கத்து நிலத்தில் திரியைக் கொளுத்தி, மூடி, மந்திரத்தை மெதுவாகச் சொன்னார். ஒன்று முடியத் தூக்கினார், எரிந்தது. இரண்டு முடியத் தூக்கினார், சுருங்கி மறுபடி எரிந்தது. மூன்று சொல்லித் தூக்கினார், புகைதான் வந்தது. திரும்பக் கொளுத்தினார். கருவாட்டு வேலையில் என் கொப்பியைத் திறந்தும் பாராத அம்மா, இன்றைக்கு என்னோடிருந்து வீட்டுப்பாடம் செய்கிறார் என்று எனக்கு ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. அவர் சொல்லச் சொல்ல, அழகான எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன்.

"இன்னும் ஒருக்கா" என்று அம்மா தீப்பெட்டியை எடுத்தார். நான் பென்சிலைக் கூராக்கிக்கொண்டேன்.