தங்கையின் முக்காடு

முப்பது வயதுக்குள் எனக்கு உச்சந்தலை வழுக்கையாகிவிட்டது. உதியன்குளங்கரையில் வாழைக்குலைக் கடையில் நிற்கும்போது தலையில் துண்டைச் சுற்றியிருப்பேன், யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் பாடு. எங்கள் வேதக்கோயிலில் ஆண்கள் வாசலிலேயே தலைக்கட்டை அவிழ்க்க வேண்டும். பெண்கள் முந்தானையால் தலையை மூட வேண்டும். நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன். எனக்குப் பின்னால் சுவர் மட்டும்தான்.

அங்கே இருந்து பார்த்தால் ஊர் ஆண்களின் தலைகள் எல்லாம் தெரியும். ஒருவருக்கு நடுவில் வட்டம். ஒருவருக்கு நெற்றி பின்வாங்கிக்கொண்டே போகும். பாட்டு சொல்லிக்கொடுப்பவர் காதோரத்து முடியை நீளமாக வளர்த்து மேலே சீவிவிட்டிருப்பார், மின்விசிறி சுற்றினால் அது எழுந்து நிற்கும். ஜெபத்துக்கு எல்லோரும் குனியும்போது என் கூச்சம் கொஞ்சம் குறையும். பெண்கள் பக்கம் மட்டும் ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதற்குக் கொஞ்சம் முன்புதான் குன்னத்துகாலில் கட்டிக்கொடுத்த என் தங்கை, தம்பிக்கு மூத்தவள், டைபாய்டு காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள். காய்ச்சல் போனது, பின்னாலேயே முடியும் போனது. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. கடைசியில் நடு வகிட்டின் இரண்டு பக்கமும் தோல் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது அவன் கூடப்பிறந்தவள் பெண்ணின் பின்னால் நிற்பாள். பெண் தலையில் போட்ட நெட் துணியையும் கூந்தலையும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டும். கை இரண்டும் மேலே இருக்கும்போது சொந்த முந்தானை நழுவினால் பிடிக்க ஆள் இல்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் அப்பாவின் தங்கையான மாமிதான் எல்லாம் பார்த்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு சவுரிமுடியோடு வந்தாள்.

"ஏட்டி, இத வச்சு நல்லா இறுக்கிக் கொண்டை போடு. இல்லேன்னா ஒதுங்கி இரு, உனக்க பெரியப்பா மவ நிக்கட்டும். உனக்க மாமியாரு வீட்டுக்காரரு எல்லாம் வருவாவ."

"எனக்க தம்பிக்கு நான்தான் நிப்பேன் மாமி. சவுரியும் வேண்டாம்."

"அவிய பாத்தா என்ன சொல்லுவாவ?"

"காய்ச்சல் வந்ததுன்னு சொல்லுவாவ. நான் என்ன களவாண்டா முடிய தொலச்சேன்? அண்ணன் வாரா வாரம் மொட்டைய காட்டிட்டு இருக்காவ, அவியள யாரும் கோயில விட்டுத் தள்ளலியே."

"அவன் ஆணாக்கும் மக்கா."

"மண்டைக்கு ஆணும் பெண்ணும் உண்டா மாமி?"

நான் துண்டை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டு வெளியே போனேன். இரவு அவள் தனியே உட்கார்ந்து முந்தானையை ஊசி குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். பயம் அவளுக்கும் இருந்தது.

மறுநாள், மாப்பிள்ளைக்கு அண்ணன் என்பதால் என்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். பின்னால் இத்தனை பேர் என் தலையைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பிலேயே எனக்கு வியர்த்தது. தம்பி தாலியை எடுத்தான். அவசரத்தில் முடிச்சு விழவில்லை. அவனுக்கு இடம் கொடுக்கத் தங்கை எட்டிக் குனிந்தாள். ஊசி தெறித்தது. முந்தானை தோளில் விழுந்தது.

யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. அவள் கையை இறக்கவில்லை. "மெதுவா கெட்டுலே, நான் பிடிச்சிட்டுதான் இருக்கேன்" என்று தம்பியிடம் சொன்னாள். முடிச்சு விழுந்தது. அதன் பிறகுதான் நெட் துணியைச் சரிசெய்துவிட்டு, அவசரமே இல்லாமல் தன் முந்தானையை எடுத்துப் போட்டாள். என் தலை எனக்கு மறந்தே போயிருந்தது.

சாப்பாட்டுப் பந்தலில் நான் சாம்பார் வாளியோடு போகும்போது, பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். "எனக்க பாரு, பிரசவத்துக்கு அப்புறம் இப்படியாக்கும்" என்று ஒருத்தி முந்தானையை விலக்கிக் காட்டினாள். "எனக்கு தைராய்டு" என்றாள் தங்கையின் மாமியார். நான் நம்பியிருந்த கொண்டைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கடைசியில் மாமி தன் கொண்டையைத் தொட்டுக்கொண்டு, "நேத்து கொண்டு வந்தது எனக்க பழைய சவுரியாக்கும். இப்ப உள்ள இருக்கது புதுசு" என்றாள். தங்கை சிரித்த சிரிப்பில் இலை போட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

படங்களை வாங்கப் பாறசாலை ஸ்டுடியோவுக்கு நான் போனேன். போட்டோ பிடித்தவர் ஒரு படத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். கை உயர்த்தி நிற்கும் தங்கை, தோளில் முந்தானை. கீழே முதல் பெஞ்சில் வெளிச்சம் பட்டு என் தலை.

"இது ஆல்பத்துல வேண்டாம்தானே அண்ணாச்சி?" என்றார்.

கடையில் ஆட்கள் நின்றார்கள். ஆட்கள் நடுவில் நான் வாய் திறப்பவன் அல்ல.

"அதுதான் வேணும். பெருசாக்கிச் சட்டம் போடணும்" என்றேன். "அது எனக்க தங்கச்சியாக்கும்."