பத்தாம் நம்பர் மலை

என் நாவலில் நிஜமான பெயர் ஒன்றுகூட இல்லை. தேயிலைத் தோட்டம் இலங்கையில் மடுல்சீமைப் பக்கம் என்பதைக்கூட மூடிவைத்தேன். ஆனால் கொழுந்து பறிக்கும் மலையின் நம்பரை மாற்ற மறந்துபோனேன். தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவளின் கை. பத்தாம் நம்பர் மலையைப் பத்து என்றுதான் எழுதும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் தோட்டத்தில் சிலருக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாளே பதுளையில் என் வீட்டு வாசலில் தோட்டத் தலைவர். போராட்டக் காலத்திலும் இப்போதும் தொழிற்சங்கத்துக்கு அங்கே அவர்தான் தலைவர். நான் மாமா என்று கூப்பிடுகிறவர்.

“ஏம்மா, சம்பளப் போராட்டத்துல பத்தாம் நம்பர்ல குந்தியிருந்தது ஒரே ஒரு கூட்டந்தான். கூடைய ஒதச்சது யாருன்னு கொழந்தைக்கும் வெளங்கிப்போகும்.”

“ஒதச்சது நீங்கதானே மாமா?”

“அதுக்கில்ல... பன்னெண்டுன்னு மாத்திப் போடு. கதைதானே!”

கதைதான். நிர்வாகத்தோடு பேசி முடித்தாயிற்று, வேலைக்கு இறங்குங்கள் என்று சங்கம் சொன்ன அன்று, இறங்காமல் மலையிலேயே உட்கார்ந்துவிட்ட பெண்களின் கதை. முன்னால் இருந்தவளுக்கு அப்போது இருபது வயது, என் கூட்டாளி. அவள் கூடையை இவர் உதைத்தார், கொண்டையைப் பிடித்து இழுத்தார். அவள் எழவில்லை. அந்த எழாத உடம்பிலிருந்துதான் என் நாவல் முழுவதும் வந்தது.

ஆனாலும் பயந்தேன். எனக்குப் பதுளை இருக்கிறது. அவள் இன்றும் அதே லயத்தில், அவர் கண்ணெதிரே. அவள் வேண்டாமென்றால் அத்தியாயத்தையே எடுத்துவிடுவது என்று முடிவுசெய்து, பஸ் ஏறிப் போனேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றாள். தலைவர் மாற்றச் சொன்னதைச் சொன்னேன். கூடையை இறக்காமலே கேட்டாள்.

“பன்னெண்டாம் நம்பரா? அங்க நான் குந்தினதே இல்லயேடி. பத்துன்னே போடு.”

“உன்னத்தான் ஏசுவாரு.”

“இவ்வளவு நாளும் கொஞ்சிக்கிட்டா இருந்தாரு? அது கெடக்கட்டும். ஒதச்ச வேகத்துல வழுக்கி, தண்ணி ஓடுற கானுக்குள்ள சேத்துல விழுந்தாரே, நாங்க விழுந்து விழுந்து சிரிச்சமே, அத ஏன் எழுதல?”

வரிசையில் நின்ற பெண்கள் இப்போதும் சிரித்தார்கள். ஒருத்தி அவர் எழுந்து நின்ற விதத்தை நடித்தே காட்டினாள்.

எனக்கு அது தெரியாது. அன்றைக்கு நான் அங்கே இல்லை. நாவலில் அவளை மூன்று பக்கம் அழவைத்திருந்தேன்.

அழுகையை வெட்டினேன். சிரிப்பை எழுதினேன். அச்சுக்குக் கொடுத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

“மாத்திட்டியாம்மா?”

“மாத்திட்டேன் மாமா. நம்பர் அப்படியே இருக்கு. கான் ஒன்னு சேத்திருக்கேன்.”