பலகைக்கு வைத்த பொட்டு

வெள்ளைத் துணியில் குங்குமம் இருந்தது. ஆயுத பூஜைப் பொரியும் கடலைத் தோலும் கிடந்த குப்பைக் கூடையிலிருந்து அதை உருவி எடுத்த யோகலட்சுமி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். நூல் உதிராத அந்தத் துணி பட்டறையின் உள்ளறையில் மட்டும் புழங்குவது. உள்ளறையில் இருந்ததோ ஒரே ஒரு பலகை.

ரேடார் கண்ணில் படாமல் பறக்கப்போகும் போர் விமானத்துக்கான மாதிரிப் பலகை அது. கார்பன் துணியில் வார்த்த அடித்தட்டின் மேல் மெல்லிய மேல்தோலை ஒட்டிச் செய்தது. மதியம் கோவை நிறுவனத்திலிருந்து தர ஆய்வாளர் ரூபி வந்து எடுத்துப் போவாள். தேறினால் பட்டறைக்கு இனி விமான வேலை. இல்லையென்றால் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

தென்காசியில் இலஞ்சிச் சாலையோரம் இந்த ஃபைபர் பட்டறையைத் தொடங்கியவர் அவள் கணவர் ஜெகதீஸ்வரன். தண்ணீர்த் தொட்டி, குற்றாலத்துக்கு அன்னப் படகு என்று ஓடிய பட்டறை, அவர் போனபின் நொண்டியடித்தது. இருந்தும் யோகலட்சுமி இந்த வேலைக்கு மல்லுக்கட்டியது பிழைப்புக்காக மட்டுமல்ல. அவள் தம்பி விமானப் படையில் பழுது பார்ப்பவன். வெளிநாட்டு உதிரிப் பாகம் வராமல் நல்ல விமானங்கள் கொட்டகையில் முடங்கிக் கிடந்த கதையை லீவுக்கு வரும்போதெல்லாம் சொல்லிப் பல்லைக் கடிப்பான்.

ரூபி பாளையங்கோட்டைக்காரி. முதல் நாளே போட்டு உடைத்துவிட்டாள். "விமானத்த வேணா விப்பாவக்கா. அது எப்படி மறையுதுங்கிற சூட்சுமத்த எவனும் தரமாட்டான். நாளைக்குச் சண்டைன்னு வந்து அவன் கையை விரிச்சா நாம எங்க போக? நாமளே செஞ்சாத்தான் உண்டு."

அன்றிலிருந்து பட்டறையில் எண்ணெய், பவுடர், பூ எதுவும் கூடாது. துளி பிசுக்குப் பட்டாலும் ஒட்டு பிடிக்காது. வேலைக்கு வரும் பெண்கள் தலைப்பூவை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வரவேண்டும். காவல் நின்றவன் மேஸ்திரி குத்தாலிங்கம். "மதினி, நீங்களும்தான். மொதலாளியம்மா தலையில மட்டும் எண்ணெய்ப் பசை இருக்காதா?" என்று அவளையே மறித்தவன்.

இப்போது அவனிடம் துணியை நீட்டினாள். "என்னலே இது?"

குத்தாலிங்கம் துணியைப் பார்த்தான். "பூஜையன்னைக்குப் பலகைக்கும் பொட்டு வச்சேன் மதினி. கத்திரிக்கு, பம்புக்கு, கம்ப்ரஸருக்கெல்லாம் வச்சோம். இருக்கதுலயே பெரிய பொருள் அது. அத மட்டும் மூளியா விட மனசு வரல. நாலு மூலைக்கும் சந்தனம், குங்குமம். கையுறை போட்டுட்டுத்தான் வச்சேன்."

"கையுறை போட்டுக்கிட்டா!"

"மறுநாள் ஸ்பிரிட் போட்டு அழுத்தித் துடைச்சுட்டுத்தான் மேல்தோல ஒட்டுனேன்."

ஒட்டுவதற்காக உரசி வைத்த பரப்பு. அந்தக் கீறல்களுக்குள் குங்குமம் இறங்கியிருக்கும். யோகலட்சுமி நாணயத்தால் பலகை முழுக்கத் தட்டிப் பார்த்தாள். ஒட்டு விட்ட இடம் பொள்ளென்று கேட்கும்; எங்கும் ஒரே சத்தம்.

"ஸ்கேன்லயும் தெரியாது மதினி," என்றான் குத்தாலிங்கம், அழும் குரலில். "ஒருத்தருக்கும் தெரியாது."

அதுதான் அவளைக் கொன்றது.

ரூபி வந்தாள். தட்டினாள், கருவியை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவினாள், முகம் மலர்ந்தாள். "கலக்கிட்டியக்கா! தேறிட்டு."

குத்தாலிங்கம் யோகலட்சுமியையே பார்த்தான். அவள் கண்ணில் அன்னப் படகு வந்தது. ஒரு சீசனில் ஒட்டு விட்டு அடித்தட்டு உரிந்துபோனது. ஏறியிருந்த புது மாப்பிள்ளையும் பெண்ணும் முழங்கால் தண்ணீரில் சிரித்துக்கொண்டே கரையேறினார்கள்.

"ரூபி, பலகைய ஏத்தாத," என்றவள் துணியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

ரூபி கருவியை அணைத்து வைத்தாள். "ஏங்க்கா சொன்னிய?" என்றாள்.

"படகுன்னா முழங்கால் தண்ணி. இது அப்படியா? மறுபடி ஒரு தடவை குடுப்பாவளா?"

"இந்தக் கார்பன் துணி கெடைச்சதே பெரும்பாடு. குடுக்கமாட்டாவன்னுதான் தோணுது."

தேறாத பலகையை அங்கேயே அறுத்துப்போட வேண்டும் என்பது விதி. குத்தாலிங்கத்துக்குக் கை வரவில்லை. யோகலட்சுமியே அவன் கையிலிருந்து அறுவை மெஷினை வாங்கினாள். அதன் நெற்றியில் சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. முதல் மூலை துண்டாகி விழுந்தது. ரூபி அதை எடுத்து விளிம்பில் நகத்தைக் கொடுத்தாள். மேல்தோல் அப்பளம் போல எழும்பி வந்தது. அடியில் வட்டமாக, இளஞ்சிவப்பாக ஒரு கறை.

குத்தாலிங்கம் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இத கோயம்புத்தூர்ல காட்டுதேன்க்கா," என்று துண்டைப் பைக்குள் வைத்தாள் ரூபி. "குடுப்பாவளா மாட்டாவளான்னு நான் சொல்லமுடியாது."

வண்டி போனதும் வாசலில் கூடியிருந்த பெண்கள் யோகலட்சுமியைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னக்கா, பலக தேறிட்டா?"

அவள் ஆணியில் தொங்கிய சரங்களைக் கழற்றி ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்தாள்.

"இனிமே உள்ளயும் பூவ வச்சுக்கிடுங்கட்டி," என்றாள்.