மகள் தோற்றால் மாவிளக்கு என்று நேர்ந்துகொண்டேன்

என் மகள் காளீஸ்வரி போன தையில் வலது கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சென்னையில் நடந்த குத்துச்சண்டையில், ஐந்தாம் ரவுண்டில் கண்ணில் அடி விழுந்து தோற்றுப்போனாள். மதுரையில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். லேசர் வைத்தார்கள். ரத்தம் தானாகக் கலைந்தால் பார்வை திரும்பும், கலையாவிட்டால் ஆபரேஷன், அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்றார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. அந்தக் கண்ணுக்கு எல்லாம் புகை போட்ட மாதிரிதான் தெரிந்தது.

பெற்றவள் யாராக இருந்தாலும் அழுவாள். நான் அழுததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூச்சத்தில் அப்போது யாரிடமும் அதைச் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் உப்பூர் பக்கம். மிளகாய்க் கொல்லையில்தான் வேலை. அவள் ஒன்பதாவது படிக்கும்போது விளையாட்டு டீச்சர் அவள் கையில் முதல்முதலாகக் கையுறை மாட்டிவிட்டார். அன்று சாயங்காலமே பழைய மிளகாய்ச் சாக்கில் உமியை அடைத்து வேப்பமரத்தில் தொங்கவிட்டாள். குத்தக் குத்த நெடி கிளம்பும். தும்மிக்கொண்டே குத்துவாள். கையில் சுற்றும் நீளத் துணிகளை நான் துவைத்து வேலியில் காயப்போடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடுவாள். இன்றைக்கும் அந்த வேலியைப் பார்த்தால் அந்தத் துணிகள் ஆடுகிற மாதிரியே இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் மதினி சும்மா இருக்க மாட்டார். "ஏத்தா, இவளக் கட்டிக்கிறவனுக்குப் பல்லு மிஞ்சுமா?" என்பார்.

"பல்லு செட்டு மாட்டுன மாப்ளையாப் பாருங்க அத்தை," என்பாள் இவள்.

மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்தாள். அது அமெச்சூர். தலைக்கவசம் போட்டு மூன்று ரவுண்டு, ஜெயித்தால் மெடல். மெடலை வைத்து ஒரு வேலை அமையும் என்று காத்திருந்தோம். அமையவில்லை. பிறகு புரொபஷனலுக்குப் போனாள். அதில் தலைக்கவசம் கிடையாது, ரவுண்டும் கூட. கையெழுத்துப் போட்டு வந்த அன்று, "முன்னாடி மெடலுக்குக் குத்துனேன், இனிச் சோத்துக்குக் குத்துறேம்மா," என்று சிரித்தாள். நான் அவள் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் காளியம்மன் முன்னால் போய் நின்றேன். தாயே, இவள் ஒரு தடவை தோற்கட்டும், மனசு விட்டுப்போய் வீட்டோடு வந்துவிடட்டும், உனக்கு மாவிளக்கு எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் போன் பண்ணுவாள். "அம்மா, சாமிகிட்ட வேண்டிக்கிட்டியா?"

"வேண்டிக்கிட்டேன் தாயி." அது பொய்யில்லை. அதுதான் கொடுமை.

ஆறு சண்டை ஜெயித்தாள். ஏழாவதில் தோற்று, கண்ணைக் கெடுத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்டது நடந்துவிட்டது. மாவிளக்கு எடுத்தாக வேண்டும். பிள்ளையின் கண் போனதற்கு நன்றி சொல்லி எந்தத் தாய் மாவு இடிப்பாள்? எடுக்காமல் விட்டால் அம்மன் கோபம் மற்றக் கண்ணுக்கும் வருமோ என்று பயம். மூன்று செவ்வாய்க்கிழமை தள்ளிப்போட்டேன். சோறு இறங்கவில்லை.

நாலாவது செவ்வாய், அரிசியை ஊறவைத்து உரலில் போட்டேன். சத்தம் கேட்டு வந்துவிட்டாள்.

"எதுக்கும்மா மாவு? நாந்தான் தோத்துட்டு வந்திருக்கேன்ல."

"அதுக்குத்தான்த்தா," என்றேன். வாய் தவறித்தான் வந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உலக்கையைப் பிடித்தபடியே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதான் பார்த்தேன். எனக்கு மட்டும் ரிங்குல எதிராளி ரெண்டு பேரா இருந்தாங்க," என்றாள். அப்புறம் உரல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "வெல்லம் கூடப் போடு. எடுக்குறதுதான் எடுக்குற, நல்லா எடு. நானும் வாரேன்."

இருவரும் போனோம். விளக்கு எரியும்போது சொன்னேன். தாயே, கேட்டதற்கு எடுத்துவிட்டேன். பயத்தில் சொன்ன வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இவள் பிழைப்பு இவள் இஷ்டம். கண்ணை மட்டும் கொடு. பக்கத்தில் நின்ற மகள் காதில் விழும்படியே சொன்னேன்.

பதினோராம் நாள் காலையில், களத்தில் காய்கிற மிளகாயை இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். தினமும் அப்படித்தான் பார்ப்பாள். சிவப்பாக ஒரு பரப்புத்தான் தெரியும். அன்று, "அம்மா, காம்பு தெரியுது," என்றாள். அன்றைக்கே மதுரைக்குப் பஸ் ஏறினோம். ரத்தம் கலைந்துவிட்டது, ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொன்னார். அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்தினோம்.

ஆறு மாதம் பொறுத்து, டாக்டர் சோதித்துச் சரி என்ற பிறகுதான் மறுபடி ரிங்கில் ஏறினாள். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். அதுவரை அவள் சண்டையை நான் பார்த்ததே இல்லை. எத்தனை அழகாகக் கால் மாற்றி விலகுகிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. பாயிண்டில் ஜெயித்தாள். இறங்கி வந்தவள் ஜெயித்த கதையைச் சொல்லவில்லை. முகத்தை என் பக்கம் நீட்டி, "கண்ணைப் பாரும்மா," என்றாள். இரண்டும் தெளிவாக இருந்தன.

இன்றைக்கும் பயம் உண்டு. ஆனால் ஒளித்து எதுவும் கேட்பதில்லை. இதைப் படிக்கிற உங்களுக்கும் வெளியில் சொல்ல வெட்கப்படுகிற வேண்டுதல் ஒன்று இருக்கலாம். அம்மனிடமும் சொல்லுங்கள், அது யாரைப் பற்றியதோ அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். நான் பயந்தேன். இருவருமே என்னைத் திட்டவில்லை.