வாங்காத போனஸுக்கு வரி

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் போய்விடும், புத்தி அடுத்த பஸ் பிடித்துத்தான் வரும். அந்த வாய்தான் எனக்கு ஒரு வருஷத்துப் போனஸை வாங்கித் தந்தது.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பில் போடுகிற வேலை எனக்கு. வீடு கடம்பூரில். காலையும் மாலையும் பஸ்ஸில் நசுங்கியதில் ஸ்கூட்டி ஒன்று வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை வெறியாகவே ஆகிவிட்டது. முன்பணத்துக்குத் தீபாவளி போனஸைத்தான் நம்பியிருந்தேன்.

அந்தத் தீபாவளிக்குச் சில நாள் முன்னால் பெரிய முதலாளி நெஞ்சுவலியில் இறந்துபோனார். போனஸ் என்றால் அவர்தான். வெற்றிலை பாக்கு, ஒரு போளிப் பொட்டலம், அதோடு கவர், எல்லாவற்றையும் தன் கையால் கொடுப்பார். துக்கம் நடந்த வீட்டுக்கு வருஷம் திரும்பும்வரை நல்லநாள் பெரியநாள் கிடையாது. அவருடைய தம்பி, எங்கள் சின்ன முதலாளி, தாடியோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்த் தீபாவளிக் காசு கேட்க எங்களில் யாருக்கும் நாக்கு எழவில்லை. ஸ்கூட்டி ஆசையை நானும் மூட்டை கட்டி வைத்தேன்.

அடுத்த ஆனி மாதம், மேல்காற்று கரிசல் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், வருமான வரிக் கணக்கு கொடுக்கப் போனேன். எனக்கு எப்போதும் வரி வராது. சும்மா ஒரு கையெழுத்துதான். அன்றைக்கு வரிக் கணக்கு எழுதித் தருகிற கணக்கர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “அக்கா, போனஸும் சேந்து வரி வரம்பத் தாண்டிட்டீங்க. வரி கட்டணும்” என்றார்.

“எந்த போனஸு?”

“ஒங்க கம்பெனி குடுத்ததுதான். ஒங்க சம்பளக் கணக்கு, ஃபார்ம் பதினாறுல இருக்கே.”

“யாருக்குக் குடுத்தாவ?”

“ஒங்களுக்குத்தான்க்கா.”

சோறே போடாமல் இலையை எடு என்றால் எப்படி இருக்கும்? விறுவிறு என்று ஆபீஸுக்கு வந்தேன். பேக்கிங்கில் இருக்கிற அக்கா என் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைக் கறந்துவிட்டாள். “ஏட்டி, துக்க வீட்டுல போயி தீவாளித் துட்டு கேக்கப் போறியா? ஊரு சிரிக்கும்” என்று கையைப் பிடித்தாள்.

“ஊரா எனக்கு வரி கட்டும்?” என்று உதறிவிட்டு உள்ளே போனேன்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்கிடாதீங்க. வாங்காத துட்டுக்கு நான் எதுக்கு வரி கட்டணும்?”

சின்ன முதலாளி முதலில் முழித்தார். விஷயம் புரிந்ததும் எழுந்து பீரோவைத் திறந்தார். எங்கள் எல்லோர் பெயரும் எழுதிய கவர்கள் உள்ளே அடுக்கடுக்காக இருந்தன.

“எல்லாம் அப்பமே எடுத்து வச்சாச்சும்மா. ஆடிட்டர் குடுத்தாச்சுன்னே எழுதிட்டாரு போல. துக்கத்துக் கையால குடுத்தா ஒங்களுக்கு ஆகாதுல்லா? வருசம் கழியட்டும்னு இருந்தேன். நீங்களும் ஒருத்தராவது கேட்டீங்களா?”

“துக்க வீட்டுல எப்பிடி அண்ணாச்சி கேக்க?”

எங்களுக்காக அவர் கொடுக்கவில்லை, அவருக்காக நாங்கள் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் இப்படி மரியாதை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வரி மட்டும் துக்கம் பார்க்காமல் தன் வேலையை முடித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அண்ணன் போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“பேங்குல போட்டுருங்க” என்றேன்.

“அது சம்பளம்லா. போனஸக் கையிலதான் வாங்கணும். நல்ல கையா ஒண்ணு பாக்கணும்” என்று இழுத்தார்.

எனக்கு மறுபடி சுர்ரென்று ஏறியது. “நல்ல கை என்ன, கெட்ட கை என்ன அண்ணாச்சி? குடுக்குற கை எல்லாம் நல்ல கைதான்!”

இந்த வசனம் எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரமே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்கள். மேஜையில் வெற்றிலையும் போளியும் கவர்களும் இருந்தன. மேஜைக்குப் பின்னால் நின்றது பெரிய முதலாளியின் சம்சாரம். கணவர் போன நாளிலிருந்து ஒரு நல்ல காரியத்துக்கும் வெளியே வராதவர்.

“இந்தப் பிள்ள சொன்னதத்தான் மதினிகிட்ட சொன்னேன். அண்ணன் குடுக்கவேண்டியது, அவியளே குடுக்கட்டும்” என்றார் சின்ன முதலாளி.

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். முதல் பெயர் என்னுடையது. அவ்வளவு பேச்சுப் பேசியவளுக்குக் கால் நகரவில்லை. புது வண்டிக்கான பணம், முதன்முதலாக யார் கையால் வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டாமா என்று அம்மா சொல்லி வளர்த்ததெல்லாம் குறுக்கே வந்து நின்றது. ஒருவழியாக மேஜைக்குப் போனேன்.

அந்த அம்மா கவரை என்னிடம் நீட்டவில்லை. வெற்றிலைமேல் வைத்து, மேஜையின் ஓரத்துக்கு என் பக்கமாகத் தள்ளிவிட்டுக் கையை மடியோடு சேர்த்துக்கொண்டார். நாங்கள் யாரும் வாயைத் திறந்து சொல்லாததை அவரே எங்களுக்காகச் செய்துவிட்டார்.

“கையில குடுங்கம்மா” என்றேன். “வண்டி வாங்கப் போறேன். ஒங்க கையாலதான் வேணும்.”

அந்த அம்மா கவரை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்து அழுத்தினார். “பையப் பாத்து ஓட்டணும், என்னா?” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றாலும் முகம் சிரித்தது.

எனக்கு அடுத்து பேக்கிங் அக்கா. அந்த அம்மாவுக்குப் பழக்கம் விடவில்லை, அக்காவின் கவரையும் மேஜை ஓரத்துக்குத்தான் தள்ளினார். அக்கா அதைத் தொடாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.