மூன்றாவது எச்சரிக்கை

கல்யாணமாகி வந்த முதல் மாதமே நாத்தனார் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டாள். "அண்ணனுக்கு வாய்ச்சது சரியான வாயில்லாப் பூச்சி" என்றாள். வீடே கொல்லென்று சிரித்தது. நாளடைவில் முன்பாதி உதிர்ந்துபோய்ப் பூச்சி மட்டும் நின்றது. பத்தொன்பது வருடமாக அவள் பூச்சிதான். கணவன் கூப்பிடுவதும் அப்படித்தான், அதுவும் மனநிலை நன்றாக இருந்தால். இல்லாவிட்டால் வேறு பெயர்கள் உண்டு. அவை பின்னால் வரும்.

அந்தப் பூச்சிக்குப் போய்ப் பேசுகிற வேலை கிடைத்ததுதான் வேடிக்கை.

தொடங்கி வைத்தது மகள். அவளுடைய தோழி ஒருத்தி கால் சென்டரில் சேர்ந்து, மூன்றே வாரத்தில் அழுதுகொண்டு ஓடிவந்திருந்தாள். "நாள் பூரா கண்டவன்கிட்ட திட்டு வாங்கணுமாம்மா. அதுக்கெல்லாம் நீதான் லாயக்கு" என்று மகள் சிரித்தாள். பூச்சி சிரிக்கவில்லை. மறுநாள் கணவன் வேலைக்கும் மகள் கல்லூரிக்கும் கிளம்பியதும், இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய் அந்த ஐந்தாவது மாடியில் நின்றாள். தோழியின் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. மூன்று நாள் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள்.

ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. இடுப்புயரத் தடுப்புகளுக்குள் அறுபது பேர், அறுபது ஹெட்செட். சுவரில் ஒரு பலகை, எத்தனை பேர் லைனில் காத்திருக்கிறார்கள் என்று சிவப்பு எண்ணில் காட்டிக்கொண்டே இருக்கும். பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். தப்பு யார் பேரில் இருந்தாலும் முதலில் நாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். குறுக்கே பேசக் கூடாது. போனை நாமாக வைக்கவே கூடாது. இதில் எதுவும் பூச்சிக்குப் புதிதில்லை.

புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று. அச்சடித்த ஒரு தாள். வாடிக்கையாளர் அவமரியாதையாகப் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் மூன்று வரிகள். முதல் தடவை: "உங்களுக்கு உதவ விரும்புகிறேன், தயவுசெய்து மரியாதையாகப் பேசுங்கள்." இரண்டாம் தடவை: "இது இரண்டாவது எச்சரிக்கை. மீண்டும் இப்படிப் பேசினால் அழைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும்." மூன்றாம் தடவை: "இந்த அழைப்பைத் துண்டிக்கிறேன்." சொன்னபடி துண்டித்துவிடலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

திட்டினால் நிறுத்தச் சொல்லலாம் என்று தாளே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்! பூச்சிக்கு நம்பவே முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது முணுமுணுத்தாள். பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தாள். சம்பளம் பெரிதில்லை. அந்தத் தாள் செல்லுபடியாகிற இடத்தில் ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

மூன்றாம் நாள் பரீட்சை. பக்கத்து அறையிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வாடிக்கையாளர் மாதிரி அழைத்து, வேண்டுமென்றே கத்துவார். கத்தினார். பூச்சி மன்னிப்புக் கேட்டாள், மாடல் எண்ணை வாங்கினாள், குளிராததற்குக் காரணம் ஃபிரிட்ஜ் சுவரை ஒட்டி வைக்கப்பட்டிருப்பதுதான் என்று கண்டுபிடித்தாள், எட்டு நிமிடத்தில் மனிதரைக் குளிர வைத்துவிட்டாள். நூற்றுக்குத் தொண்ணூறு. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் பெரிய பூஜ்யம்.

பயிற்சிக்காரப் பெண் பதிவைப் போட்டுக் காட்டினாள். "அக்கா, எல்லாம் பிரமாதம். ஆனா எச்சரிக்கை மட்டும் ஏன் குடுக்கல? மூணு வரியும் மனப்பாடமாச் சொன்னீங்களே?"

"அவர் திட்டினா குடுக்கலாம்னு இருந்தேன்மா."

"திட்டினாரே. நாலு தடவை."

"எங்க?"

அவள் பதிவைத் திருப்பி ஓடவிட்டாள். மரமண்டை என்றது குரல். அறிவிருக்கா என்றது. தண்டச்சோறு என்றது. உன்னைப் பெத்தவங்களைச் சொல்லணும் என்றது. ஒவ்வொன்றுக்கும் பூச்சியின் குரல், "சரிங்க சார், புரியுதுங்க சார்" என்று தேனாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம்... சாதாரணமா பேசறதுதானே?" என்றாள் பூச்சி.

அந்தப் பெண் பதிவை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில்தான் பூச்சிக்கு உறைத்தது. காது மடல் வரை சுட்டது. யாரோ தன் வீட்டு ஜன்னலைத் திறந்து உள்ளே பார்த்துவிட்ட மாதிரி அவமானமாக இருந்தது.

"வேலை உங்களுக்குத்தான்க்கா. ஆனா யோசிச்சு வாங்க" என்றாள் அந்தப் பெண், குரலைத் தணித்து. "திட்டு வாங்கறோம்னு தெரிஞ்சவங்களாலேயே இங்க தாங்க முடியல. உங்களுக்கு அதுவே தெரியல." திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கையெழுத்திட்ட படிவத்தோடு வர வேண்டும். வராவிட்டால் நாற்காலி வேறொருவருக்கு. படிவத்தின் மூலையில் மேற்பார்வையாளர் எழுதியிருந்தார்: சகிப்புத்தன்மை மிகச் சிறப்பு.

இரண்டு பஸ்ஸிலும் அவள் அதையேதான் யோசித்தாள். இந்தச் சிறப்புக்காகத்தானே எடுக்கிறார்கள்? வீட்டில் ஒரு வாய் திட்டுகிறது, அங்கே நாளுக்கு அறுபது வாய். எதற்கு இந்த வேண்டாத வேலை? ஆனால் அங்கே அந்தத் தாள் இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு படிவத்தைக் கணவனிடம் கொடுத்தாள். அவன் ஒரு அச்சகத்தில் ஸ்டோர் கீப்பர். அங்கே நாளுக்கு நூறு சார் போடுகிறவன். படித்ததும் முகம் கடுத்தது.

"ஊர்ல இருக்கறவன் எல்லாம் உன்னைத் திட்டுவான், நீ கேட்டுட்டு உக்காந்திருப்பியா? என் பொண்டாட்டியை வேற எவனும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

வேற எவனும். என்ன பெருந்தன்மை! தாலி கட்டியவனுக்கு மட்டுமே பாத்தியதை என்று பத்திரம் பதிந்து வைத்தது போலச் சொன்னான்.

"நான் போறேங்க" என்றாள்.

"மரமண்டை. சொன்னா ஏறாதா உனக்கு?"

ஒன்று. இந்த முறை அவள் காதில் அது விழுந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, திட்டாகவே விழுந்தது. வாய் தானாகத் திறந்தது. "உங்களுக்கு உதவ விரும்புகிறேன், தயவுசெய்து மரியாதையாகப் பேசுங்கள்."

அவன் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாருடி, உங்கம்மா வீட்லயே கம்பெனி நடத்தறா!" மகளும் சிரித்தாள். பூச்சி நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அறுந்தது. "தண்டச்சோறு. இத்தனை வருஷம் உக்காந்து தின்னுட்டு, எனக்கே பாடம் எடுக்கறியா?"

"இது இரண்டாவது எச்சரிக்கை. மீண்டும் இப்படிப் பேசினால் அழைப்பைத் துண்டிக்க வேண்டியிருக்கும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. என்ன பயமோ, அவன் வெறும் வாயை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். பூச்சி மூன்றாவது வரியைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மூன்றாவது அவனிடமிருந்து வரவில்லை.

"அறிவிருக்காம்மா உனக்கு? மரமண்டை மாதிரி என்னத்தையோ ஒப்பிச்சுக்கிட்டு" என்றாள் மகள். கையிலிருந்த போனை விட்டுக் கண்ணை எடுக்கக்கூட இல்லை. குரலில் கோபமில்லை, வெறுப்பில்லை. திட்டுகிறோம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வரி பூச்சியின் நாக்கு நுனியில் நின்றது. பெற்ற பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டாள். இந்தப் பெண் இதை எங்கே படித்தாள் என்று யாரைக் கேட்பது? "சரிங்க சார், புரியுதுங்க சார்" என்கிற மாதிரியே வீட்டிலும் பதில் சொல்லிச் சொல்லி, பூச்சிதானே பாடம் நடத்தியிருக்கிறாள். உள்ளே போய்க் காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்து முடித்துவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டிருந்த கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அவளுடைய முதல் அழைப்பு வந்தது. யாரோ ஒரு ஆள். வாஷிங் மெஷின் சுற்றவில்லை, நாலு நாளாக மெக்கானிக்கும் வரவில்லை. "உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா? எதுக்குத்தான் அங்க உக்காந்திருக்கீங்க?" என்று இரைந்தான்.

பூச்சி தாளை அருகே இழுத்துக்கொண்டாள். சொன்னாள். "உங்களுக்கு உதவ விரும்புகிறேன், தயவுசெய்து மரியாதையாகப் பேசுங்கள்."

அந்தப் பக்கம் இரைச்சல் தணிந்தது. பிறகு, "மன்னிச்சுக்கங்கம்மா. ஏதோ கோவத்துல பேசிட்டேன். தப்பு என்மேலதான்" என்றது குரல்.

பூச்சி தாளைப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். யாராவது மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான் அந்த ஆள்.